நாற்பத்தெட்டில் ஒரு நடுக்கம்!

செல்போன் அலறியது.

கலீபுல்லா ரேடியோஸ் கடைக்குள் நுஸ்ரத் மட்டும்தான் இருந்தாள். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய் மண்டிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற சின்னக் கடை. வாப்பா மௌத்தான பிறகு கடைக்கு அவள், அவளுக்குக் கடை. தம்பி சர்ஃபராஸ் துபாயில். பெருநாளைக்குப் பேசுவான்.

அவள் போன் அடிப்பதே அபூர்வம்!

"ஹலோ..."

"ஆத்தா... ஹோம் தியேட்டர் பாக்கற பொண்ணுதான?" வயதான குரல். மூச்சு வாங்கியது. "போடிமெட்டு எஸ்டேட்ல இருந்து காசிராஜன் பேசறேன். எங்க வீட்டுல சத்தம் விழுகுது!"

"என்ன சத்தம் ஐயா?"

"கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும்... திடீர்னு டிக்குனு ஒண்ணு. அம்புட்டுத்தான். பாட்டுல உசிர் போயிரும். ஆம்ப்ல 192-ன்னு காட்டிக்கிட்டு இருந்தது 48-க்கு விழுந்துரும்."

நுஸ்ரத் நிமிர்ந்தாள்.

192! எண் ஏற ஏற ஒலி துல்லியமாகும்.

போடியில் அவளிடம் வருகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்... 'பாஸை ஏத்தி அதிரவச்சுக் குடும்மா.' பாடகி மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும் உயர்தர ஒலியைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள்கூட இல்லை. இதோ ஓர் ஆள்!

"நாளைக்கு வர்றேன் ஐயா."

"இன்னிக்கே வா ஆத்தா... தனியாக் கெடக்கேன்."

அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்த வார்த்தை. ஷட்டரை இறக்கினாள்.

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறியது. பாதி மலையில் மூடுபனி வந்து கண்ணாடியை அடைத்துக்கொண்டது. எஸ்டேட் கேட்டில் அவள் ஒருத்திதான் இறங்கினாள்.

"ஏய்... யாரது?"

பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளிப்பட்டான். முறுக்கு மீசை. சிவந்த கண்கள். இடுப்பில் கிளை நறுக்குகிற கவாத்துக் கத்தி!

"க... கம்ப்யூட்டர் சவுண்டு சரிபண்ண வந்தேன். காசிராஜன் ஐயா கூப்பிட்டாங்க."

"மச்சானா கூப்பிட்டாரு?" அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நான் பாண்டித்துரை. இந்த வீட்டம்மாவோட தம்பி. தோட்டத்துச் சோலி எல்லாம் நான்தான். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க தங்கச்சி..."

"சொல்லுங்க."

"சோலி முடிஞ்சதும் வெரசாக் கெளம்பிரு. இங்க ரொம்ப நேரம் இருக்காத!"

சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டான்.

நுஸ்ரத் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பங்களாவை நோக்கி நடந்தாள்.

காசிராஜன் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளை வேட்டி, கம்பளிச் சால்வை, சாந்தமான முகம். தானே காபி போட்டுக் கொடுத்தார். பிறகு அந்த அறைக்குக் கூட்டிப் போனார்.

நுஸ்ரத் வாயைப் பிளந்தாள்.

சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. ஆளுயர ஸ்பீக்கர்கள். நடுவில் எட்டுச் சாய்வு நாற்காலிகள். ஏழு நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை!

"மக பவித்ரா, மருமகன், பேரப்புள்ளைக எல்லாம் வருவாகன்னு போட்டேன் ஆத்தா. கனடாவுக்குப் போனவ போனவதான்."

"வீட்டுல அம்மா...?"

"தேவியா? டூர் பஸ்சுல காசிக்குப் போயிருக்கா. போயி ஒரு மாசமாச்சு. ஒரு தகவலும் இல்லை." அவர் பெருமூச்சு விட்டார். "நீ வீட்டுல சொல்லிட்டு வந்தியா? தேடப் போறாக."

"சொல்றதுக்கு யாரும் இல்லீங்க ஐயா."

"எனக்கும் அப்பிடித்தான்."

கனமான கதவைச் சாத்தினார். வெளியுலகம் அணைந்துபோனது. காற்று இல்லை, பறவை இல்லை, ஜீப் இல்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதே அவளுக்குக் கேட்டது.

பாட்டு ஆரம்பித்தது.

ஒரு வயலின். வில் நரம்பைத் தொடுவதற்கு முந்தைய நடுக்கம்கூடக் கேட்டது! இன்னொரு மனுஷரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டு எத்தனை காலமாயிற்று! நுஸ்ரத்தின் கண்கள் கலங்கின. பக்கத்து நாற்காலியில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

டிக்!

வயலின் சட்டென்று தகர டப்பாவானது.

ஆம்ப்ளிஃபயரின் பச்சை எழுத்து... 48.

"பாத்தியா ஆத்தா! இதேதான்!"

நுஸ்ரத் அந்த லேப்டாப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மாற்றினாள். பாட்டு 192-ல் ஓடியது. காத்திருந்தாள். டிக்! 48. சுவரில் இருந்த டி.வி. தானாக அணையப் போகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. சவுண்டு டிரைவர் மென்பொருளைப் புதுசாகப் போட்டு, ஸ்பீக்கர் சோதிக்கிற இரைச்சலையும் திரையின் ஒரு மூலையில் திறந்து வைத்தாள்.

டிக்!

"கேபிள் நல்லாருக்கு, ஆம்ப் நல்லாருக்கு... அப்ப ஒண்ணுதான் ஐயா. பாட்டு போற பாதையில வேற ஏதோ சத்தம் குறுக்க வருது. ரெண்டு சத்தத்தையும் கலக்கணும்னா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் 48-க்கு எறக்கிரும். பாட்டை மட்டும் தனிப்பாதையில விட்டுட்டா சரியாப் போகும்."

"அது கெடக்கட்டும். குறுக்க வர்றது என்னன்னு பாரு."

குரலில் ஓர் அவசரம். அவள் கவனிக்கவில்லை. வந்துபோன அறிவிப்புகளின் பக்கத்தைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே உறைந்தாள்!

திரையில் வரிசையாக ஒரே வாசகம்.

'தேவி போன்... உள்வரும் அழைப்பு... பவித்ரா.'

'தேவி போன்... உள்வரும் அழைப்பு... பவித்ரா.'

"ஐயா..." நுஸ்ரத் திரையைக் காட்டினாள். "அம்மாவோட போனை இந்தக் கம்ப்யூட்டரோட ப்ளூடூத்ல சேத்து வச்சிருக்கீங்க. அதுக்குக் கால் வரும்போதெல்லாம் இங்க டிக்குங்குது."

"சரி..."

"ப்ளூடூத் காசியிலருந்து வராது ஐயா! அந்தப் போன் இந்த வீட்டுலதான் இருக்கு... ரொம்பப் பக்கத்துல!"

காசிராஜன் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எழுந்தார். நடந்தார். கதவின் தாழ்ப்பாளைப் போட்டார்!

சத்தம் வெளியே போகாத அறை. இங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் வாசலில் நிற்கிற நாய்கூடத் திரும்பிப் பார்க்காது!

"ஐ... ஐயா... ஜீப்புக்கு நேரமாச்சு..."

அவர் திரும்பினார். அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சத்தமாப் பேச முடியற எடம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான் ஆத்தா. தேவியை பஸ் ஏத்திவிட்டேன்னு சொன்னவன் பாண்டித்துரை. அந்த பஸ்சை வேற யாரும் பாக்கலை. என் போனையும் அவன் பிடுங்கி வச்சுக்கிட்டான். இன்னிக்கு எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து ஒளிஞ்சு உனக்குப் பேசினேன்..."

முறுக்கு மீசை. சிவந்த கண். கவாத்துக் கத்தி.

"அல்லாவே..."

"அக்காவை அவன் என்னமோ பண்ணிட்டான். போன் எங்கருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு ஆத்தா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

பெரிய மனுஷர் கைகூப்பி நின்றதை அவளால் தாங்க முடியவில்லை. சிக்னல் அளவு காட்டும் புரோகிராமைத் திறந்தாள். திரையில் ஒரு சின்னக் கோடு துடித்தது.

"கோடு நீண்டா போன் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமாப் போய்..."

சொல்லி முடிக்கவில்லை.

கோடு நீண்டது.

இன்னும் நீண்டது...

"ஐயா... நாம நகரலையே!" அவள் கிசுகிசுத்தாள். "கம்ப்யூட்டரும் நகரலை. போன்தான் நகருது... நம்மளைப் பாத்து வருது!"

கோடு திரையின் விளிம்பைத் தொட்டது.

தட்... தட்... தட்...!

கதவு!

காசிராஜன் இரும்பு ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கதவோரமாக மறைந்தார். உதட்டில் விரல். திற என்று சைகை.

நுஸ்ரத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

பாண்டித்துரை நின்றிருந்தான். ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்தியிருந்தான்.

"தங்கச்சி, இன்னும் கெளம்பலையா? இந்த மனுசன்கூட ரூமுக்குள்ள..."

மடேர்!

மரம் மாதிரிச் சரிந்தான். காசிராஜன் குனிந்து அவன் பையிலிருந்து போனை உருவினார். சிவப்பு உறை போட்ட போன். அதைத் தடவிப் பார்த்தார்.

சிரித்தார்!

கண்ணீர் வழிந்த அதே கன்னத்தில் இப்போது சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நுஸ்ரத்துக்கு எல்லாமே புரிந்தது.

"போலீசுக்குப் போன் பண்ணலாம் ஐயா..." என்றாள், புரியாதவள் போல.

"எதுக்கு ஆத்தா? வீட்டை சல்லடை போட்டுத் தேடினேன். இந்த டிக்கு கேட்டதுலதான் எவனோ எடுத்து வச்சிருக்கான்னு தெரிஞ்சது. எவன்னுதான் தெரியலை. நீ காட்டிக் குடுத்துட்ட."

"தேவியம்மா...?"

"மககிட்டப் போறேன்னா. ஒரேயடியாப் போறேன்னா." அவர் குரல் முதன்முறையாக உடைந்தது. "இந்த எட்டு நாற்காலியில நான் ஒருத்தன் உக்காந்து என்ன பண்ணுவேன்? கனடாவுல போய்ப் பாத்துக்கறதுக்குத் தோட்டத்தை வீடியோ எடுத்துக்கிட்டு நின்னா. தள்ளினேன். கல்லுல மண்டை அடிச்சிருச்சு. அந்த வீடியோவுல நானும் விழுந்துட்டேன் ஆத்தா. போன் சரிவுல உருண்டுருச்சு. அன்னிக்குத் தேடியும் கெடைக்கலை."

ஸ்டாண்டு மறுபடி உயர்ந்தது.

"நீ நல்ல பொண்ணு. ஆனா, சொல்றதுக்கு யாரும் இல்லைன்னு நீதான சொன்ன?"

நுஸ்ரத் பின்வாங்கினாள். மேஜை இடித்தது. விரல்களில் மவுஸ் பட்டது. ஸ்பீக்கர் சோதிக்கிற இரைச்சல் திரையில் தயாராக நின்றது.

ஒலியளவைக் கடைசிவரை இழுத்துவிட்டு அமுக்கினாள்!

ஓ...ஓ...ஓ...!

ஆயிரம் அருவிகள் ஒரே நேரத்தில் அறைக்குள் விழுந்தன. காசிராஜன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். நுஸ்ரத் கதவை நோக்கிப் பாய்ந்தாள். அவர் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். கழுத்து இறுகியது. மூச்சு...

தரையிலிருந்து ஒரு கை நீண்டு அவர் காலை வாரியது.

பாண்டித்துரை!

மண்டை உடைந்து ரத்தம் கண்ணை மறைக்க, அவன் அந்தக் காலை விடவில்லை. நுஸ்ரத் கதவை அகலத் திறந்தாள். இரைச்சல் பங்களாவைத் தாண்டி, பனியைத் தாண்டி, மலைச்சரிவெங்கும் உருண்டது. ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார்கள்.

காசிராஜன் எழ முயன்றபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது.

இன்ஸ்பெக்டர் பொன்னுமணி வந்து சேர்ந்தபோது பனி விலகியிருந்தது. ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் புதிதாக நட்ட செடிகளுக்குக் கீழே தோண்டினார்கள். அதிக ஆழம் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

பாண்டித்துரை தலையில் கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஓடைக்கரையில போன் கெடந்துச்சு தங்கச்சி. பாத்ததுமே மச்சான் மேல சந்தேகம். பூட்டைத் திறக்கத் தெரியலை. அம்மா எடுக்கலைன்னு பவித்ரா அடுத்த வாரம் கெளம்பி வர்றேன்னு திரையில மெசேஜ் வந்துச்சு... அவ வந்து திறக்கட்டும்னு சார்ஜ் போட்டு வச்சுக்கிட்டு அலைஞ்சேன். தெனமும் கூப்பிடுது அந்தப் புள்ள. எடுத்தா என்னன்னு சொல்ல?"

சிவப்புப் போன் ஒளிர்ந்தது.

பவித்ரா.

யாரும் கையை நீட்டவில்லை. போலீஸ்காரர்கள்கூட வேறு பக்கம் பார்த்தார்கள்.

நுஸ்ரத் எடுத்தாள்.

"அம்மா! அம்மா... ஒருவழியா எடுத்தியே!" அந்தக் குரலின் சந்தோஷம் அவளை அறுத்தது. "ஏம்மா பேச மாட்டேங்குற?"

"நான் நுஸ்ரத் பேசறேன் பவித்ரா... போடியிலருந்து. பக்கத்துல யாராவது இருக்காகளா? யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. தனியா இருக்காதீங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தாள். வெகுநேரம் இருந்தாள்.

அடுத்த வாரம் பவித்ரா வந்தாள். போன் திறந்தது. வீடியோ ஓடியது. காசிராஜன் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. ஜெயிலில் தனி அறை வேண்டாம், ஆட்கள் இருக்கிற அறையாகக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாராம்.

ஒரு மத்தியானம் பொன்னுமணி கடைக்கு வந்தாள். சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது நின்றாள்.

"ஏம்மா நுஸ்ரத்... எங்க ஸ்டேஷன் மைக்செட்டும் கொஞ்ச நாளா கொரகொரங்குது. ஒரு எட்டு வந்து பாக்கறியா?"

"தாராளமா வர்றேன் மேடம்." நுஸ்ரத் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டபடி கேட்டாள்.

"நெசமாவே மைக்குதானா... இல்ல, நீங்களும் யாரு போனையாவது தேடுறீகளா?"