ஏற மட்டும் ஒரு மலை!

"என்னைக் கொல்லக் கூட்டிக்கிட்டுப் போறாங்க, தாயி!"

தனுஜாவின் கையிலிருந்த பிளேன்டீ கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

ஹட்டன் நகரம். காலை நேரம். மூத்தோர் உரிமைக்கான அந்தச் சின்ன அலுவலகத்தை அப்போதுதான் திறந்திருந்தாள். திறந்த கையோடு டெலிபோன் அலறியது. எடுத்தால்... முதிய குரல். கிசுகிசுப்பு. நடுக்கம்.

"யாரு பேசுறது?"

"பேச்சியம்மா, தாயி. அக்கரப்பத்தனை. மகன் மேல முறைப்பாடு குடுத்தேனே..."

மறக்கக்கூடிய முறைப்பாடா அது?

மகன் அழகுமுத்து. பாடசாலை ஆசிரியன். சீக்கிரமே அந்தப் பாடசாலைக்கே அதிபராகப் போகிறவன். பெற்ற தாயை, தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் போட்டு வெளியே பூட்டியவன். வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர் கண்ணில் கிழவி படக்கூடாதாம்!

வருகிற திங்கட்கிழமை விசாரணை.

"இப்ப எங்க இருக்கீங்க, ஆத்தா?"

"நல்லதண்ணியில. மலையடிவாரத்துல. போன் பேசுற ஒரு கொமினிகேஷன் கடையில. மகன் என்னைய சிவனொளிபாதமலைக்கு அனுப்பி வச்சிருக்கான். வேன்காரன் ஒருத்தன் கூட்டியாந்திருக்கான்..."

"யாத்திரைதானே ஆத்தா? அதுக்குப் போயி ஏன்..."

"நேத்து பையில கம்பளிய மடிச்சு வச்சேன், தாயி. மகன் அத வெளிய எடுத்துட்டான். 'நல்ல கம்பளி. வீட்டுலயே இருக்கட்டும்'னான்."

தனுஜா கோப்பையை மேசையில் வைத்தாள்.

பெப்ரவரி மாதம். மலை உச்சியில் எலும்பு விறைக்கும் குளிர். அங்கே போகிற தாயின் பையிலிருந்து கம்பளியை எடுத்துப் பத்திரப்படுத்துகிறான் மகன்... வீணாகிவிடக் கூடாதென்று!

"ஆத்தா! அந்தக் கடைய விட்டு அசையாதீங்க! நான் இப்பவே..."

"ஐயோ... வர்றான்!"

டொக்!

லைன் செத்துப்போனது.

* * *

"மலைக்குப் போறது புண்ணியம், தங்கச்சி. நீ என்னன்னா கொலைங்கிற!"

கணேசமூர்த்தி சிரித்தார். அலுவலகப் பொறுப்பாளர். ஐம்பது வயது. நெற்றி நிறைய விபூதி. அவரும் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்தான். 'நம்ம ஆளு' என்று தனுஜா நம்புகிற ஒரே அதிகாரி.

"சிரிக்காதீங்க, சேர்! போன வருசம் வட்டகொடை சோலைமலை ஐயா. மலைக்குப் போனாரு. பள்ளத்துல பொணமாக் கெடந்தாரு. போன மாசம் பொல்பிட்டிய மீனம்மா. மலைக்குப் போனாங்க. இன்னும் எறங்கல!"

"வயசான காலு. வழுக்கியிருக்கும்."

"ரெண்டு பேருமே புள்ளைங்க மேல நம்மகிட்ட முறைப்பாடு குடுத்தவங்க. ரெண்டு பேருக்குமே விசாரணைக்கு முந்தின வாரம் பாத்து வழுக்கியிருக்கு. மலைக்குக் கலண்டர் பாக்கத் தெரியுமா, சேர்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தனித்தனியாய்க் கிடந்த இரண்டு சம்பவங்கள் தலைக்குள் மோதிக்கொண்டன.

கணேசமூர்த்தியின் சிரிப்பு நின்றது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"நீ போய் ஜீப்புல ஏறு. பொலிசுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிட்டு வர்றேன். நானும் மலைக்கு வர்றேன்."

"நீங்களா? ஏறிருவீங்களா, சேர்?"

"இந்த வயசு வரைக்கும் தூர நின்னு கும்பிட்டதோட சரி. ஒரு தடவைகூட அந்த மலையில கால் வச்சதில்ல. இன்னைக்கு ஒரு உசிருக்காக வைக்கிறேன்!"

தனுஜாவுக்குக் கண் கலங்கியது. நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

* * *

"ஏன் ஆத்தா என்னைய பேயைப் பாக்குற மாதிரி பாக்குற?"

வேன்காரன் லோஜன் கேட்டான். முப்பது வயது. வாய் நிறைய வெற்றிலை. உதட்டில் ஓயாத சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பேச்சியம்மா ஒரு படி விலகி நின்றாள்.

படிகள்... படிகள்... மேலே மேலே படிகள். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம்.

"தம்பி... எப்ப எறங்குவோம்?"

"ஏறும்போது எறங்குறதப் பத்திக் கேக்கக் கூடாது ஆத்தா! மலைக்குப் புடிக்காது."

"இல்ல... சும்மா..."

"நீ வந்த வழியா எறங்க வேண்டியதில்ல. அந்தப் பக்கம் இரத்தினபுரிப் பாதை இருக்கு. ஆள் நடமாட்டம் கம்மி. நிம்மதியாப் போயிரலாம்."

நிம்மதியாப் போயிரலாம்!

அவள் கால் படி தவறியது. லோஜனின் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இரும்புப் பிடி.

"இங்கயே விழுந்து தொலைச்சிராத, ஆத்தா! எனக்கு ஏச்சு விழும். மேல போய் சாமி பாக்கணும்ல?"

எதிரே ஒரு குடும்பம் இறங்கி வந்தது. லோஜன் ஒரு கணம் வெற்றிலை துப்பத் திரும்பினான். பேச்சியம்மா அந்தக் குடும்பத்தில் வந்த பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"தாயி... இவன் என்னையத் தள்ளிவிடப் போறான். காப்பாத்து!"

அந்தப் பெண் சிரித்தாள்.

"மூச்சு வாங்கினா அப்படித்தான் பயமா இருக்கும். எவ்வளவு நல்ல புள்ள! கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறான். எங்க வீட்டுலயும் இருக்குதுகளே..."

போய்விட்டாள்.

இளையவன் கத்தினால் உலகம் திரும்பிப் பார்க்கும். கிழவி கத்தினால்? தலைசுற்றல் என்று சொல்லிவிட்டுப் போகும்!

பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏறினாள்.

* * *

தனுஜா ஓடினாள். படி ஓடுகிற இடமில்லை. ஆனாலும் ஓடினாள்.

வழியில் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் நின்று கேட்டாள்.

"ஒரு ஆத்தா... வேன்காரப் பொடியனோட... பாத்தீங்களா?"

"இப்பத்தான் போச்சு. பாவம், அழுதுக்கிட்டே போச்சு."

கடைசி வளைவுகளில் மூடுபனி இறங்கியது. மணி மதியம் தாண்டியிருந்தது. ஆனால் கண்ணுக்கெதிரே வெள்ளை இருட்டு!

"சேர்! பொலிஸ் எங்க?"

"பின்னாடி வர்றாங்க. நீ நட!"

கணேசமூர்த்தி அவளை முந்திக்கொண்டு ஏறினார். அந்த வயதில் அந்த வேகம்! கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள் தனுஜா.

உச்சி.

வேலை நாள். கூட்டமில்லை. பனிக்குள் நாலைந்து நிழல்கள் தெரிந்து மறைந்தன.

"ஆத்தா! பேச்சியம்மா ஆத்தா!"

மதிலோரம் ஒரு மூட்டை அசைந்தது. மூட்டை இல்லை... சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தாள் பேச்சியம்மா! உதடு நீலம் பாரித்திருந்தது.

"வந்துட்டியா... தாயி..."

தனுஜா தன் ஜெர்சியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள்.

"அவன் எங்க?"

"தேத்தண்ணி வாங்கப் போயிருக்கான். வந்துருவான். வந்ததும் அந்தப் பக்கமா..."

"எங்கயும் போக மாட்டீங்க. எங்க சேர் வந்திருக்காரு. இனி பயமில்ல." தனுஜா திரும்பினாள். "சேர்?"

பனிதான் இருந்தது. சேரைக் காணவில்லை.

டாங்!

பனிக்குள் எங்கோ மணி அடித்தது.

டாங்!

மூச்சு விடுகிற இடைவெளி.

டாங்!

பேச்சியம்மா தலையை நிமிர்த்தினாள்.

"யாரோ மூணாந்தடவை வந்திருக்காங்க, தாயி."

மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. முதல் தடவை வந்தவன் ஒரு தரம் அடிப்பான். எத்தனையாவது தடவையோ அத்தனை தரம். கூட்ட மாட்டான். குறைக்கவும் மாட்டான். பொய்யாய் அடித்தவன் இறங்கும்போது கால் வழுக்கிச் சாவான் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்ப்பார்கள்.

காற்று ஒரு வீச்சு வீசியது. பனி கிழிந்தது.

மணிக்கு அடியில் ஒரே ஒரு ஆள். கண்ணை இறுக மூடி, கைகூப்பி...

கணேசமூர்த்தி!

காலையில் அவர் சொன்னது தனுஜாவின் காதில் ஒலித்தது.

'ஒரு தடவைகூட கால் வச்சதில்ல.'

சோலைமலை... மீனம்மா... இன்று பேச்சியம்மா!

மூன்று!

முறைப்பாடு வந்த மேசை அவருடையது. விசாரணைக்குத் திகதி போட்ட கை அவருடையது. உதவி கேட்டு வந்த போனை, நேரே கொலைகாரன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்... தனுஜா!

மனிதர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. மணிக்கு மட்டும் பயந்துவிட்டார்!

"அட, சேரும் வந்தாச்சா!"

கையில் இரண்டு கோப்பையோடு லோஜன் வந்து நின்றான். அதே சிரிப்பு.

"சேர், வழமை மாதிரி நான் வந்த வழியே எறங்கிரவா? ஆத்தாவ நீங்க அந்தப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போறீங்கதானே?"

தனுஜா வேன்காரன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி... மீனம்மாவையும் இவர்கிட்டதான் விட்டுட்டு எறங்குனியா?"

"ஆமா மிஸ். அவங்க சொந்தக்காரங்க இரத்தினபுரிப் பக்கம்னு சேர் சொன்னாரே. சோலைமலை ஐயாவுக்குத்தான் பாவம், கால் வழுக்கிருச்சு. சேர் எப்படி அழுதாருங்கிறீங்க! மீனம்மா பத்திரமாப் போய்ச் சேந்துட்டாங்கல்ல?"

தனுஜா கணேசமூர்த்தியையே பார்த்தாள்.

லோஜனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கோப்பைகள் கீழே விழுந்து உடைந்தன.

அடுத்த நொடி கணேசமூர்த்தி பேச்சியம்மாவின் கையைப் பிடித்து இரத்தினபுரிப் பக்கத்துப் படிக்கட்டுக்கு இழுத்தார். அவர் இடுப்பிலிருந்து வெளியே வந்தது... தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி!

"கிட்ட வந்தா கிழவி கழுத்து போயிரும்!"

"சேர்... நீங்க நம்ம ஆளு, சேர்!"

"நம்ம ஆளுங்கதான் இப்பத்தான் மேல வர்றானுங்க! மாஸ்டர், அதிபர்னு! உரிமை கிரிமைன்னு இந்தக் கெழடுங்க அவனுங்கள நாலு பேர் முன்னால இழுத்தா மானம் என்னாவுறது? வந்து என் கால்ல விழுந்தானுங்க. கையையும் நெறச்சானுங்க. தீத்து வச்சேன்!"

"மானமா?" தனுஜாவுக்குப் பயத்தைத் தாண்டிக் கோபம் வந்தது. "கொழுந்துக் கூடைக் கயிறு அறுத்து எங்கம்மா தலையில முடியே இல்ல, சேர். அந்தத் தலையாலதான் நான் கம்பஸ் போய்ப் படிச்சேன். அவங்கள மறைச்சு வச்சு எனக்கு ஒரு மானம் வரும்னா, அந்த மானத்த நாய்க்குப் போடுவேன்!"

"பேசு, தங்கச்சி. நல்லாப் பேசு. இந்தப் படியில ஆளே வராது. மூணு பேரும் வழுக்கி விழுந்தீங்கன்னு பொலிஸ்ல நானே அழுவேன்."

"பொலிஸ்... வருதுன்னீங்களே..."

"சொன்னாத்தானே வரும்?"

இரத்தினபுரிப் படி. செங்குத்து. பேச்சியம்மாவை ஒரு படி இறக்கினார். இன்னொரு படி. கீழே வெள்ளைப் பனி... அடி தெரியாத பள்ளம்.

"மகனே... அழகு..." என்றாள் பேச்சியம்மா. அந்த நேரத்திலும் அவன் பெயர்தான் வாயில் வந்தது!

தனுஜா பாய்ந்து அவளுடைய மறு கையைப் பிடித்தாள். கத்தி உயர்ந்தது.

அப்போது...

"கருணாவாய்..."

பள்ளத்திலிருந்து ஒரு குரல்.

கணேசமூர்த்தியின் கை அந்தரத்தில் நின்றது.

"கருணாவாய்... கருணாவாய்..."

ஒரு குரல் இல்லை. பல குரல்கள். எல்லாம் கிழட்டுக் குரல்கள்! பனிக்குள்ளிருந்து வெள்ளை உருவங்கள் மேலே மிதந்து வந்தன. நரைத்த தலை. குழிவிழுந்த கண். ஒன்றன்பின் ஒன்றாக...

"மீ... மீனம்மா..." கணேசமூர்த்தியின் பல் கிட்டியது. "சோ... சோலை..."

கத்தி நழுவிப் பள்ளத்துக்குள் போனது.

பேய்கள் இல்லை. இரத்தினபுரிப் பக்கமிருந்து பாதம் கும்பிட ஏறி வருகிற சிங்களக் கிழவிகள்! வெள்ளைச் சேலை. ஊன்றுகோல். 'கருணாவாய்' என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டே ஏறி வருகிறார்கள். ஆளே வராத பாதை அன்றைக்கு ஆச்சிகளால் நிரம்பி வழிந்தது!

தனுஜா சிங்களத்தில் அலறினாள்.

"பேரகன்ன, அம்மே! மினிமருவெக்!"

காப்பாற்றுங்கள். கொலைகாரன்.

இந்தக் கிழவிகள் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கையைப் பிடித்திருந்த கணேசமூர்த்தியின் கையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்!

முதல் கோல் அவர் முழங்காலில் இறங்கியது. இரண்டாவது கோல் எங்கே இறங்கியது என்று எழுதாமல் விடுவதே மரியாதை. லோஜனும் சுயநினைவுக்கு வந்து காலைப் பிடித்து இழுத்தான். கணேசமூர்த்தி மேற்படியில் குப்புற விழுந்தார். பருமனான ஓர் ஆச்சி அவர் முதுகில் ஏறி அமர்ந்து, நிதானமாக வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

சத்தம் கேட்டு, சீசனுக்காக உச்சியில் போட்டிருந்த பொலிஸ்காரர்களும் ஓர் இன்ஸ்பெக்டரும் ஓடி வந்தார்கள். விலங்கு பூட்ட வேண்டுமென்றால் ஆச்சி எழும்ப வேண்டும். ஆச்சி எழும்புவதாக இல்லை.

"மிஸ்... சத்தியமா எனக்குத் தெரியாது, மிஸ்!" லோஜன் தலையில் அடித்துக்கொண்டான். "ஆத்தா கடையில போன் கேட்டப்பகூட நான்தானே தள்ளி நின்னு பேச விட்டேன்!"

பேச்சியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்ப மொதல்ல கொறைடா. பாதி உசிரு அதுலயே போச்சு."

டிரிங்... டிரிங்...

எல்லோரும் திரும்பினார்கள்.

கணேசமூர்த்தியின் சட்டைப்பையில் செல்போன். இன்ஸ்பெக்டர் அதை உருவிப் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். கரகரப்புக்கு நடுவில் அவசரமாக ஒரு குரல்.

"சேர்... அழகுமுத்து பேசுறேன். முடிஞ்சுதா? இங்க பந்தல் கட்டச் சொல்லிரவா?"

தனுஜா பல்லைக் கடித்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

பேச்சியம்மா அவளைக் கையால் தடுத்தாள். போனை வாங்கினாள். 

"கட்டுடா அழகு. நல்லாப் பெருசாவே கட்டு! ஒரு ஜீப் நெறைய பொலிஸ்காரங்களோட வர்றேன்... அவங்கள மழையில நிக்க வச்சா ஒனக்குத்தானேய்யா மானக்கேடு!"