ஏசிதான் ஓடுதே!

கேரவனில் ஊர் சுற்றுபவர்கள் தங்கும் வில்காட்டா முகாமின் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் கேவன் பாஸ்கோ ஜீப்பை நிறுத்தியபோது பிற்பகல் மூன்று மணி, வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துவந்த வீட்டு வண்டியான கேரவனின் தகரம், தொட்டால் கை வெந்துபோகும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அவன் மனைவி நோரீன் மின்டியைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினாள். மின்டிக்குப் பன்னிரண்டு வயது. காது பாதி கேட்காத குட்டையான வெள்ளை டெரியர். குரைப்பதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டது. நோரீனுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நாய்தான் எல்லாமே.

முகாமை நடத்தும் டெஸ்லி ரூக் ஒரு தாளை ஜன்னல் வழியாக நீட்டினாள். நாயோடு வருபவர்களுக்கான விதிகள். எப்போதும் வாரில் கட்டியிருக்க வேண்டும், குளியலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, கழிவை எடுத்துப் பையில் போட வேண்டும். எல்லா முகாமிலும் உள்ளதுதான். ஆனால் ஏழாவது விதியை மட்டும் யாரோ சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருந்தார்கள். நாயைக் கேரவனுக்குள் தனியாகப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

"ஏசி போட்டுட்டுப் போகலாம்ல?" என்றான் கேவன்.

"கூடாது."

"ஒரு பத்து நிமிஷம்?"

"ஏழாவதை மறுபடியும் வாசிங்க. வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"தாயே, ஜெயில்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது" என்று சிரித்தான் கேவன். அவனுக்கு விதி என்றாலே அடுத்தவனுக்குப் போட்டது. முப்பத்தைந்து வருடமாக நோரீன் இந்தச் சிரிப்பைப் பார்த்துவருகிறாள்.

டெஸ்லி சிரிக்கவில்லை. "மூணு வருஷம் முன்னாடி ஒரு ஜோடி வந்தாங்க. ரெண்டு பெரிய லேப்ரடார் நாய். கேரவன்ல பூட்டி ஏசியைப் போட்டுட்டு, பள்ளத்தாக்கு பாக்க பஸ் ஏறிட்டாங்க. மத்தியானம் எல்லா வண்டியிலயும் ஏசி ஓடினா இங்க லோடு தாங்காது, மெயின் விழுந்து கரண்ட் போயிடும். அன்னிக்கும் விழுந்துச்சு. நாலு மணிக்கு அவங்க திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"ஐயோ" என்றாள் நோரீன்.

"அவங்க அழக்கூட இல்லைம்மா. வார் ரெண்டையும் குழாயில மாட்டிட்டுப் போயிட்டாங்க. குழி வெட்டினது நான்."

கேவன் கையெழுத்துப் போட்டான். நாய்க்காரர்களின் வரிசையில் பதினொன்றாம் இடம் மட்டுமே காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் மடக்கு நாற்காலியோடு வெளியே வந்து பீர் குடித்தார்கள். மின்டி நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. திடீரென்று தலையைத் தூக்கி, கேரவனின் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த நிழலைப் பார்த்து வாலை ஆட்டியது. நோரீன் குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஆனால் நாயின் ஈர ரோம வாடை குப்பென்று அடித்தது. யாரோ வேகவேகமாக மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது.

மின்டி மூச்சு வாங்கவில்லை.

"பக்கத்து நாயா இருக்கும்" என்றான் கேவன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நோரீன் ஊருக்குள் இருந்த மருத்துவ நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. டாக்டர் விமானத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். இதய மாத்திரைக்கு அவர் சீட்டு எழுதித் தர வேண்டும். நாயை உள்ளே விட மாட்டார்கள், வெளியே கட்டினால் தரை சுட்டுப் பாதம் வெந்துவிடும்.

"கேவன், நீ எங்கேயும் நகரக் கூடாது. புரியுதா?"

"கூடவே உக்காந்திருக்கேன் நோரி."

"சத்தியமா?"

"சத்தியமா. சும்மா தொணதொணக்காத, போயிட்டு வா."

கேரவனுக்கு ஒரே சாவிதான், அது அவன் பையில் இருந்தது. அவள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விமானம் தாமதம். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. காத்திருக்கும் அறையில் நோரீனையும் நர்ஸையும் தவிர யாரும் இல்லை. ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்கு அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் ஏதோ பிறாண்டியது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

மறுபடியும் பிறாண்டல். பெரிய நகங்கள், வழவழப்பான தரையில் வழுக்கி வழுக்கி. பிறகு ஒரு குரைப்பு. கனத்த, தொண்டை வறண்ட குரைப்பு.

"சிஸ்டர், உள்ள நாய் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "நாயா? இங்க எப்படிம்மா வரும்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் நோரீனின் கையில் சூடான மூச்சு பட்டது. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. பாவாடையின் விளிம்பை ஏதோ கவ்வி இழுத்தது. வாசல் பக்கமாக. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் துணியின் ஓரம் எச்சிலில் நனைந்து தொங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போயிட்டான். பாவி, விட்டுட்டுப் போயிட்டான்.

டாக்டராவது மாத்திரையாவது. நோரீன் ஓடிப்போய் ஜீப்பில் ஏறினாள். பத்து நிமிடத்து வழி முழுக்க பின்சீட்டில் இரண்டு உயிர்கள் மூச்சு வாங்கின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

முகாமில் ஒரு சத்தமும் இல்லை. எந்த ஏசியும் ஓடவில்லை. மெயின் விழுந்திருந்தது. ஆட்களெல்லாம் மரத்தடிக்கும் குளத்துக்கும் போய்விட்டார்கள் போல. பதினொன்றாம் இடத்தில் கேரவனின் ஜன்னல்கள் அடைத்து, திரை இழுத்து, கதவு பூட்டிக் கிடந்தது. கேவனின் நாற்காலி காலி.

உள்ளே குரைப்பு.

ஒன்றல்ல, இரண்டு. கதவில் மோதி மோதிக் குரைத்தன. ஒவ்வொரு மோதலுக்கும் அந்தப் பெரிய கேரவன் சக்கரத்தின் மேல் அசைந்தது.

மின்டி இப்போதெல்லாம் குரைப்பதே இல்லை. மின்டி மோதினால் ஒரு தட்டுகூட அசையாது.

"டெஸ்லி!" என்று நோரீன் அலறினாள்.

டெஸ்லி கடப்பாரையோடு ஏற்கெனவே ஓடிவந்துகொண்டிருந்தாள். ஒரே நெம்பு, பூட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. கதவு திறந்ததும் குரைப்பு நின்றது. கத்தரித்த மாதிரி நின்றது. உள்ளிருந்து வந்த அனலில் இரண்டு பெண்களும் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"மின்டி! மின்டிக் கண்ணு!"

கட்டிலில் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. நோரீன் குளியல் அறையின் குட்டிக் கதவைத் தள்ளினாள்.

அந்தக் கேரவன் முழுக்க வெந்துகொண்டிருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தது. தரை முழுக்க ஈரம். நடுவில் மின்டி சுருண்டு கிடந்தது, அதன் விலா மெல்ல ஏறி இறங்கியது. அதன் இரு பக்கமும் ஈரத்தில் இரண்டு பெரிய உடல்கள் படுத்திருந்த தடம். அணைத்துக்கொண்டு படுத்திருந்த தடம்.

நோரீன் நாயை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டெஸ்லி ஈரத் துணியால் அதன் பாதங்களையும் காதுகளையும் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மின்டி கண்ணைத் திறந்து நோரீனின் விரலை நக்கியது. அவள் விம்மி அழுதாள்.

டெஸ்லி கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். இடுப்புயரத்துக்குப் பலகையில் ஆழமான நகக்கீறல்கள், சிராய் சிராயாகப் பெயர்ந்து.

"இது உங்க நாய் பண்ணினது இல்ல" என்றாள் தாழ்ந்த குரலில். "மூணு வருஷமா அந்த ரெண்டும் இந்த இடத்துல மத்தியானம் ஆனா குரைக்குதுங்கம்மா. யாருமே வரல. இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கீங்க."

அப்போது கேவன் வந்தான். எதிரே இருந்த பப்பில் கிரிக்கெட் பார்த்துவிட்டு, கையில் பாதி பாட்டிலோடு, சிரித்துக்கொண்டே வந்தான். உடைந்த பூட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"யாருடி கதவை ஒடைச்சது? பைத்தியமா உனக்கு?"

"சத்தியம் பண்ணினியே கேவன்."

"அரை மணி நேரம்தான் போனேன். ஏசிதான் ஓடுதே!"

"எங்க ஓடுது? காது அடைச்சுப்போச்சா? கேளு!"

அவன் கேட்டான். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் வெட்கப்படவில்லை அந்த மனுஷன். "சரி, செத்தா போச்சு? உசுரோடதானே இருக்கு. கிழட்டு நாய்க்குப் போய் இந்த ஆர்ப்பாட்டமா? நகரு, உள்ள என்னென்ன ஒடைச்சு வெச்சிருக்கீங்கன்னு பாக்கறேன்."

படியேறி உள்ளே போனான்.

கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. பூட்டும் இல்லை, அது தரையில் கிடந்தது.

"நோரி, வெளையாடாத. தொற."

நோரீன் அசையவில்லை.

"நோரி... உள்ள என்னமோ இருக்கு. மூச்சு விடுது. நோரி!" கதவைத் தட்டியவன் முஷ்டியால் குத்தினான். பிறகு கேவன் பிறாண்ட ஆரம்பித்தான்.

டெஸ்லி கடப்பாரையை நுழைத்து நெம்பிப் பார்த்தாள். பூட்டே இல்லாத கதவு இம்மி அசையவில்லை. நோரீன் கதவில் உள்ளங்கையை வைத்தாள். மறுபக்கத்தில் இரண்டு கனத்த உடல்கள் சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவை சாவகாசமாகப் படுத்திருந்தன.

கிடக்கட்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். தாகம்னா என்னன்னு தெரியட்டும். கத்தினா யாரும் வராட்டி எப்படி இருக்கும்னு தெரியட்டும். உள்ளே கத்தல் அழுகையாகி, அழுகை முனகலானது. அதுவரை அவள் நின்றாள்.

பிறகு கதவுக்கு அருகே வாயை வைத்துச் சொன்னாள்.

"போதும்டா கண்ணுங்களா. மின்டி பொழைச்சுட்டா. விட்டுடுங்க."

கதவு தானாகத் திறந்தது. கேவன் படியில் தலைகுப்புற விழுந்தான். விரல் நுனியெல்லாம் ரத்தம், உதடு வெடித்திருந்தது. நோரீன் அவனைத் தூக்கவில்லை. மின்டியோடு ஜீப்பில் ஏறினாள். கேரவனும் அவனும் பதினொன்றாம் இடத்திலேயே கிடக்க, அவள் தெற்கே கடற்கரையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. கேவன். சொந்த ஊரில், தங்கள் வீட்டிலிருந்து பேசினான்.

"நோரி, வைக்காத. தயவுசெஞ்சு வைக்காத. அதுங்க இங்க வந்துடுச்சுங்க. கேரவனை வித்துட்டேன், அப்பவும் வந்துடுச்சுங்க. எந்த ரூம்ல இருந்தாலும் கதவுக்குக் குறுக்க படுத்துக்குதுங்க. என்னால தாண்ட முடியல. நாலு நாளா சமையக்கட்டுலயே இருக்கேன்."

நோரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் பேச்சுக்குப் பின்னால் வேகவேகமாக, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

இரண்டு.

"கேக்குதா?" என்று அவன் கிசுகிசுத்தான். "உனக்கும் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"என்னதான் வேணுமாம் அதுங்களுக்கு?"

"தண்ணி வை, கேவன்."

"வெச்சேன்டி. பாத்திரம் பாத்திரமா வெச்சேன். வெச்ச உடனே காலி பண்ணிட்டு என் மூஞ்சியவே பாக்குதுங்க."

"அப்ப திரும்ப வை" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.