மூன்று இழுப்பும் ஒரு இழுப்பும்

சாயந்திரம் ஊதி உப்ப வைத்து ஆணியில் மாட்டிய முக்குளிப்பு விங், காலையில் பார்த்தபோது உரித்த ஆட்டுத்தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

குணசீலன் அதை இறக்கிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான். ஓட்டை இருந்தால் குமிழ் வரவேண்டும், ஒன்றுகூட வரவில்லை. வால்வில் மண் சிக்கியிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடி வாயால் ஊதி நிறைத்தான். இட்லி தின்று கை கழுவி வருவதற்குள் பாதி வற்றியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், மெல்ல மறுபடி உப்பியது. ஓட்டு இடுக்கு வழியாக வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. சூட்டில் காற்று விரியும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒடுகத்தூர்ப் பக்கம் கிணற்றிலோ குட்டையிலோ விழுந்தவர் கிடைக்காவிட்டால் அவனுக்கும் ராஜவேலுக்கும்தான் போன் வரும். ஒருவன் சிலிண்டரோடு இறங்குவான், மற்றவன் கரையில் கயிறு பிடிப்பான். ஒரு இழுப்பு வந்தால் 'நல்லா இருக்கேன், கயிறு விடு'. மூன்று வந்தால் 'தூக்கு'. சிலிண்டர் நிரப்ப வெகுதூரம் போகவேண்டும் என்பதால், முதுகில் மிதப்புக்காக மாட்டும் இந்த விங் என்கிற காற்றுப்பையை மட்டும் இருவரும் வாயாலேயே ஊதிக்கொள்வார்கள். கடலில் முக்குளிப்பவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

மாசி மாதம் மலையடிவாரத்துக் கல்குவாரியில் இறங்கிய ராஜவேலு மேலே வரவில்லை. கயிற்றோடு வந்தது சிலிண்டரும் இந்த விங்கும்தான். பட்டைகளெல்லாம் பூட்டியபடியே இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடிவிட்டுப் போனார்கள். இப்போது கோடையில் தண்ணீர் இறங்கி, அடியிலிருந்த பாறை இடுக்கு எட்டும் ஆழத்துக்கு வந்திருந்தது. ராஜவேலுவின் மனைவி வடிவு நேற்று இந்த விங்கைக் கொண்டுவந்து போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, எல்லாம் அப்படியே இருந்தன.

"காரியம் பண்றதா, காத்துனு இருக்கறதா? இன்னா பண்ணட்டும், சொல்லுங்கண்ணா."

நாளைக்கே குவாரியில் இறங்கிப் பார்க்க வருகிறேன் என்றான்.

மார்பில் உப்பும் அவனுடைய பழைய மிதவை ஜாக்கெட் அந்த இடுக்கில் நுழையாது. விங்தான் வேண்டும். சென்னையில் கூட முக்குளித்த தனசேகரன் புதிதாக ஒன்று அனுப்பியிருந்தான், ஆனால் அது இரட்டைச் சிலிண்டருக்கான பெரிய விங். ஒற்றைச் சிலிண்டரில் மாட்டினால் இரண்டு ஓரமும் சாப்பிட்ட இலையைப் போல மடிந்துகொண்டது. மடிப்பில் சிக்கிய காற்று வால்வைத் திறந்தாலும் வெளியே வராது. அடியில் அப்படி ஆனால் உயிருக்கு உலை. ராஜவேலுவின் விங்கோ அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

"செத்தவரு பொருள முதுகுல ஏத்தாதீங்க," என்றாள் குணசீலனின் மனைவி புவனா.

"பெருசு மடிஞ்சிக்குது புவனா. இதான் சரி."

நியாயமான முடிவுதான். ஆனாலும் வால்வை அமுக்கிக் காற்றை வெளியேற்றியபோது அது ஈரமாக, வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது. பன்னீர்ப் புகையிலை வாசனை. குணசீலன் புகையிலை போடுவதில்லை. போட்டவன் ராஜவேலு.

குவாரிக்குப் போனபோது மணி நான்கு. மலை நிழல் தண்ணீரின் பாதியை மூடியிருந்தது. கயிற்றை மணிவேல் பிடிப்பதாக ஏற்பாடு. ஜீப் டிரைவர், நம்பலாம். வடிவு குறுக்கே வந்தாள்.

"நான் புடிக்கிறேன். ஒண்ணுனா விடணும், மூணுனா தூக்கணும். அவ்ளோதானே?"

அவள் கண்ணைப் பார்க்க அவனால் முடியவில்லை. ராஜவேலு இறங்கிய அன்றைக்கு ஒரு இழுப்புதான் வந்தது என்று ஊருக்கும் போலீசுக்கும் சொல்லியிருந்தான். அது பொய். முதலில் மூன்று வந்தது. டீ டம்ளரை வைத்துவிட்டு எழுவதற்குள், நிதானமாக, ஒன்று வந்தது. சரியாகிவிட்டான் போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தான் குணசீலன். அந்த டீயின் ருசி இன்னும் அவன் நாக்கில் இருந்தது.

இறங்கினான். பச்சை கறுப்பானது. காதுக்குள் அவன் மூச்சின் சத்தமும், பாறையில் சிலிண்டர் உரசும் சத்தமும் மட்டும் கேட்டன. டார்ச் வெளிச்சத்தில் வண்டல் புகைபோல் எழுந்தது. இடுக்கில் தலையை நுழைத்துப் பார்த்தான். காலி. கல்லும் சேறும்தான்.

மேலே திரும்புவதற்காக விங்கை நிரப்பினான். இந்தமுறை வாயால் இல்லை, சிலிண்டர் காற்றால். உப்பியது. முதுகு லேசானது.

வற்றியது.

மறுபடி பட்டனை அழுத்தினான். உப்பியது. வற்றியது. குமிழ் ஒன்றும் மேலே போகவில்லை.

காற்று எங்கே போகிறது?

சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் முள் சிவப்புக்கு வந்திருந்தது. இடது தோளில் விங்கின் ஊதுகுழாய் விறைத்து நின்றது. பின்பக்கமாக. ஏதோ அதைப் பிடித்திருந்தது.

கழுத்தைத் திருப்பினான்.

குழாயின் நுனி ஒரு வாயில் இருந்தது. வெளுத்து ஊறிய முகம். திறந்த கண்கள். ராஜவேலு. கன்னம் குழிந்தது, விங் வற்றியது. கன்னம் உப்பியது, விங் உப்பியது. அவசரமே இல்லாமல்.

முழுகக் கட்டிய ஈய எடையைக் கழற்றிவிட்டால் மேலே போய்விடலாம். இடுப்புப் பட்டைக்குக் கை போனது. அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கயிறு. இழுத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே கயிறு விறைத்தது. வடிவு இழுக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு முழம் உயர்ந்தான்.

அவன் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது. கயிற்றைப் பற்றியது. நிதானமாக, ஒரே ஒருமுறை, இழுத்தது.

கயிறு நின்றது. பிறகு மேலிருந்து பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது. கயிறு தளர்ந்து, சுருள் சுருளாக அவன் முகத்தின்மேல் இறங்கியது.