கயிற்றுக்கு அப்பால் ஒரு சமையலறை

நடிகையின் இடது மணிக்கட்டில் தீக்காயம் இருந்தது. அதே இடத்தில், அதே நீளத்தில் இவளுக்கும் ஒன்று உண்டு. ஆனால் இவள் சுட்டுக்கொண்டது இன்று காலையில்தான்.

ஓவியக் கூடத்தின் நடுவே, சுற்றிலும் படங்கள் தொங்க, கயிறு கட்டி ஒரு சமையலறை அமைத்திருந்தார்கள். இவள் கணவன் எழுதிய நாவலை அதற்குள் நடித்துக் காட்டுகிறார்களாம். நாவல் முழுக்க இவள்தான். இவள் அழுதது, ஏசியது, வயிற்றில் தங்காமல் போன பிள்ளை என்று ஒன்றுவிடாமல் எழுதிப் பேர் வாங்கிவிட்டான். கேட்டால், "அது நீ இல்லடி, கதாபாத்திரம்" என்பான்.

புதுப் பெயின்ட் வாடைக்கு அடியிலிருந்து தீய்ந்த பாலின் வாடை மெல்லக் கிளம்பியது. குழாய் இவள் வீட்டுக் குழாயைப் போலவே நின்று நின்று சொட்டியது. முந்தானையில் கை துடைத்தபடி நாவலின் வரிகளையே சொல்லிவந்த நடிகை, திடீரென்று நாவலில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அவர் வீட்டுக்கு வராமலே போயிட்டா நல்லாருக்கும்."

இவள் பக்கத்திலிருந்த கணவனின் கையைப் பற்றினாள். பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவள் மனதுக்குள் நினைத்த வார்த்தை அது. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"என்னங்க, இது நீங்க எழுதினதா?"

"சும்மா இரேன். மானத்த வாங்காத." அவன் திரும்பவே இல்லை. நடிகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடிகை மறுபடி வாய் திறந்தாள். அடுத்தது என்னவென்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு இவள் ரகசியமாக வைத்திருந்த பெயர். அவன் கை படாமல் இவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். விடக்கூடாது. கயிற்றைத் தாண்டினாள்.

"போதும். நிறுத்தும்மா."

நடிகை நிறுத்தினாள். இதற்காகவே காத்திருந்தவள்போலச் சிரித்தாள். கரண்டியை இவள் கையில் வைத்தாள். இவளுடைய கைப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கயிற்றைத் தாண்டி வெளியே போனாள்.

கணவன் நகர்ந்து, தன் பக்கத்தில் நடிகைக்கு இடம் கொடுத்தான்.

இவள் ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. என்னங்க, நான் இங்க இருக்கேன் என்று கத்தினாள். வாயிலிருந்து வந்தது நாவலின் முதல் வரி. மறுபடி கத்தினாள். இரண்டாவது வரி.

"தத்ரூபம்" என்றார் யாரோ. கைதட்டினார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லமாட்டேன். இனி ஒரு வார்த்தைகூட. கூடம் அமைதியானது. குழாய் சொட்டியது. யாரோ இருமினார்கள்.

அவன் நடிகையின் கையைப் பிடித்தபடி கயிற்றருகே வந்தான். மறந்துபோனவளுக்கு உதவுகிறவனாக, கனிவாக, மெதுவாக அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தான்.

"இந்த வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல."

இவள் வாய் திறந்துகொண்டது.