பெட்டிக்குள் வேறு வீட்டுப் பிள்ளை

ரிப்பேர்காரன் லாமின் கடையிலிருந்து கம்ப்யூட்டர் திரும்பி வந்த அன்று எங்கள் துறைமுக ஊரான அன்னாபாவில் பாலைவனக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்ஸிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்து, லிஃப்ட் ஓடாத எங்கள் கட்டடத்தை வாய்நிறையத் திட்டிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நான் யமீனா. வீட்டிலேயே கல்யாண உடுப்பு தைத்துக் கொடுப்பவள். அந்தக் கம்ப்யூட்டர் என் மகன் அனிஸுடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், பதினோரு பேரோடு படகேறி, கடலுக்கு அக்கரையிலுள்ள சார்டீனியாத் தீவுக்குக் கிளம்பினான். படகும் போய்ச் சேரவில்லை, உடலும் வந்து சேரவில்லை. கிளம்புவதற்கு முன் எனக்காக ஏழு நிமிஷம் பேசி, அதில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட்டு முடித்ததும் அதைக் கேட்பேன். இன்னொரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். பிள்ளை ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இருந்துவிட்ட முட்டாள் நான்.

சில மாதம் முன்பு ஒருநாள் பொத்தானை அழுத்தியும் உயிர் வரவில்லை. லாமின் திறந்துகூடப் பார்க்காமல் உதட்டைப் பிதுக்கினான். உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது, காலா, புது ஹார்ட் டிஸ்க்தான் போட வேண்டும் என்றான். காலா என்றால் சின்னம்மா; அவன் அம்மாவுக்கு நான் எந்த ஜென்மத்திலும் தங்கையாக இருந்ததில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பழையதையாவது கொடு என்று கேட்டபோது, குப்பை வண்டியில் போய்விட்டது என்றான். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு, என் பிள்ளை கை வைத்த பெட்டியாவது இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மதியம் ஜன்னல் பலகைகளைச் சாத்தி, இருட்டில் திவானில் சாய்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அணைக்க மனம் வரவில்லை. முதலில் வாசனைதான் வந்தது. டீசலும் உப்பும் கலந்த, படகுத்துறையின் வாசனை. பிறகு தகர டப்பா மரத்தில் உரசும் சத்தம். யாரோ தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றுகிறார்கள்.

"யம்மா."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

அனிஸ் இல்லை.

அது மேற்கே, ஒரான் ஊர்ப் பக்கத்துப் பையனின் இழுவைப் பேச்சு. என் மகனைவிடச் சின்னவன்.

"யம்மா, தண்ணி உள்ள வருது."

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. விசிறி நின்றது.

"யம்மா, கேக்குதா?"

தையல் மிஷின் திருப்புளியை எடுத்து வந்தேன். முப்பது வருஷமாக என் மிஷினை நானேதான் பிரித்து மாட்டுகிறேன். நான்கு திருகுகளைக் கழற்றியதும் பக்கத் தகடு கையோடு வந்துவிட்டது. உள்ளே தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. எரிந்த தடம் மருந்துக்கும் இல்லை. பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர் ஒன்றை மட்டும் லாமின் புதிதாகப் பற்றவைத்திருந்தான். இவ்வளவுதான் கோளாறு. அறுந்த வயரைச் சேர்க்க என்னால் முடியாதா? ஒரு காஜா எடுக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. நானே திறந்திருந்தால் என் பிள்ளை என்னோடு இருந்திருப்பான்.

அவன் சொன்ன புது ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டேன். பழசு. மேலே ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டி எடுத்திருந்தான். அந்த அனல் மதியத்திலும் அது சில்லென்றிருந்தது. திருகுக் குழிகளில் உப்புப் பூத்திருந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். வாசலிலேயே காது கிழிந்தது. ரேடியோவை அவ்வளவு சத்தமாக வைத்திருந்தான். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் சத்தியம் செய்தான். பிறகு தன் குழந்தைகளைப் பற்றிச் சொன்னான். நல்ல டிஸ்க்கைக் கழற்றி விற்பது, பழையதை மாட்டிப் புதிது என்பது, ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்றான். கடைசியில் ரேடியோ பக்கம் என் கை போனபோதுதான் எழுந்து நின்றான்.

"வேணாம் காலா. அத நிறுத்தாதீங்க."

நிறுத்தினேன்.

பின்னால் ஓர் அலமாரி. அதில் நாற்பது, ஐம்பது டிஸ்க்குகள், எந்த வயரும் இல்லாமல் அடுக்கிக் கிடந்தன. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"யம்மா."

"யம்மா, இங்க இருட்டா இருக்கு."

"யம்மா."

மேல்தட்டிலிருந்தும் கீழ்த்தட்டிலிருந்தும், முணுமுணுப்பாக, ஒருவன் பேச்சில் ஒருவன் ஏறி. லாமின் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடல்ல போன பசங்களோட மெஷின்தான் நெறைய வரும். உங்கள மாதிரி அம்மாங்கதான் கொண்டு வருவாங்க," என்று கிசுகிசுத்தான்.

ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன். ஒருவன் குளிர்கிறது என்றான். ஒருவன் தன் தங்கையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கேட்டேன். அனிஸ் அங்கே இல்லை.

"வித்துட்டேன் காலா. எந்த மெஷின்ல போச்சுன்னு எனக்கே தெரியாது."

அவனை அடித்துக் கொன்றிருக்கலாம். அதனால் என் பிள்ளை கிடைப்பானா?

அன்றிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேரா, கடையில் கொடுத்து ஏமாறாதீர்கள், நான் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். தையல்காரிக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று பெண்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் உள்ளே விடுகிறார்கள், காபி தருகிறார்கள். தகட்டைத் திறக்கிறேன், தூசி தட்டுகிறேன், அறுந்த வயரைச் சேர்க்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்கிறேன். பக்கத்தில் தொலைக்காட்சி அலறும், குழந்தைகள் சண்டை போடும். ஒன்றும் கேட்பதில்லை. இருநூறு வீடுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

என் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் இந்தப் பையனின் டிஸ்க்கை நான் கழற்றி எறியவில்லை. நான் இவனை எறிந்தால், எங்கோ ஒருத்தி என் மகனையும் அப்படித்தானே எறிவாள்? அவன் கூப்பிடும்போதெல்லாம், இருக்கேன்டா, கேக்குதுடா என்று பதில் சொல்கிறேன். என் பெயரை அவன் கேட்டதில்லை. நானும் அவன் அம்மா இல்லை என்று சொன்னதில்லை.

நேற்று ஏழு வீடுகளுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த டீசல் வாசனை வந்தது. டப்பா உரசும் சத்தம் இல்லை. பையன் தண்ணீர் அள்ளுவதை நிறுத்தியிருந்தான்.

"யம்மா," என்றான், ரொம்ப மெதுவாக. "இன்னைக்கு நீ போன ஒரு வீட்டுல அனிஸ் இருந்தான். நீ படியெறங்கினதுக்கப்புறம்தான் கூப்பிட்டான்."

அனிஸின் பெயரை நான் இவனிடம் சொன்னதே இல்லை.

"எந்த வீடுடா?" என்று கேட்டேன். "எந்த வீடுன்னு சொல்லுடா."

விடியும்வரை கேட்டேன். பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் ஏறுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.