எழுபத்தெட்டாம் வருஷத்துப் புத்தகம்

காலை இட்லித் தட்டுகளை வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதும் சார்ட் தாள். மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காகக் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தாள் ஷெரில். பழைய கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிச் சான்றிதழ்கள், கல்லறைக் கற்களில் பார்த்துவந்த தேதிகள் என்று ஒரு மாதத் தேடல் அதில் ஏறியிருந்தது.

மூத்த மருமகள் மர்சலின் தட்டுகளைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். ஷெரிலின் பெயருக்குக் கீழே மகளுக்கான ஒரே கோடு. தன் பெயருக்குக் கீழே கோடே இல்லை. அது பழகிப்போன விஷயம்.

“மூத்தவனை எழுதலையா, ஷெரில்?”

பேனா நின்றது.

“பேரில்லாத பிள்ளையை எப்படிக்கா எழுதுறது? ரெண்டே நாள். நான் ஜுரத்துல நினைவில்லாமக் கிடந்தேன். பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க... ஞானஸ்நானம்னு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தத் தோணலையே உங்களுக்கு. பெத்திருந்தா தோணியிருக்கும்.”

பதினெட்டு வருஷமாகக் கேட்கிற சொல். மாமியாருக்குக் கொடுத்த வாக்கை நினைத்து ஒவ்வொரு முறையும் அடுக்களைக்குள் போய்விடுவாள் மர்சலின். மாமியார் கண்மூடி ஆறு மாதமாகிறது. இந்தத் தாள் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளை பிறக்காதவனாகவே ஆகிவிடுவான்.

“புடவையை மாத்திக்கிட்டு வா. கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

கோயில் அலுவலகத்தில் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இன்னாம்மா, ஆகஸ்டுக்கு இன்னும் நாள் கீதே? எரிக் பேருக்குப் பூசை வைக்கத்தானே வருவீங்க?”

“யாருக்கா எரிக்?” என்றாள் ஷெரில்.

மர்சலின் மேஜையருகே போனாள். “எழுபத்தெட்டாம் வருஷத்து ஞானஸ்நானப் புத்தகம் வேணும்” என்றாள் உபதேசியாரிடம்.

பழுப்பேறிய பக்கம் திறந்தது. பெயர், எரிக். தாய், ஷெரில். இடம், ஆஸ்பத்திரி, மரண ஆபத்தில். ஞானஸ்நானம் கொடுத்தவர், மர்சலின்.

ஷெரில் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

“ஏன்கா சொல்லல...”

“அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க. பிள்ளையில்லாதவ கை பட்டுத்தான் போச்சுன்னு உனக்குத் தோணிடும்னாங்க. எனக்கும் அந்தப் பயம்தான்.”

“இந்தப் பேரு?”

“எனக்குப் பொறந்தா வைக்கணும்னு வெச்சிருந்தேன். அன்னிக்கு அவனுக்கு உடனே ஒண்ணு வேண்டியிருந்துச்சு.”

ஷெரில் புத்தகத்தின் மேல் கண்ணீர் விழாமல் திரும்பி, மர்சலினின் தோளில் முகம் புதைத்தாள். “என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்கா...”

“விடு. என் கையிலதான் போனான். அழாமப் போனான்.”

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேனாவை எடுத்தாள் ஷெரில். எரிக் என்று எழுதித் தன் பெயரிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். பிறகு மர்சலினின் பெயரிலிருந்தும் ஒன்று.

“மாமா கேட்டா என்னடி சொல்லுவ?”

“புத்தகத்துல இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன்னு சொல்லுவேன். நீங்க உக்காருங்கக்கா, இட்லி நான் எடுத்துட்டு வரேன்.”