அம்சவேணி பதில் சொல்ல நேரமாகிறது

நிலவின் செண்பகக் குடியிருப்பில், கோதண்டத்தின் இறந்துபோன மனைவி அம்சவேணி வழக்கம்போலக் காலையில் "சாப்டீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார். "என்ன சாப்டீங்க?" என்று அவள் அடுத்துக் கேட்பதற்குள் அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்துவிட்டார்.

அங்கே துணையை இழந்தவர்கள் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு நிழலுரு உண்டு. இறந்தவர் வீட்டுக்குள் பேசியதெல்லாம் மேசைக் கணினியில் சேர்ந்திருக்கும். அதிலிருந்து எடுத்து, அவர் முகத்தோடும் குரலோடும் கணினி பேசும். முப்பது வருடப் பேச்சைச் சுமக்க முடியாமல் கோதண்டத்தின் கணினி திணறியது. பேச வேறு ஆளில்லாத மனிதர், பாவம், ஒவ்வொரு பதிலுக்கும் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

கணினியைச் சீர்செய்ய ஜெசிந்தா வந்தாள். "எல்லாத்தையும் இதுலயே வச்சிருக்கீங்களே சார். குடியிருப்போட பொதுக் கிடங்குக்கு மாத்திட்டா கணினி லேசாயிடும். பதில் டக்குனு வரும்."

"அங்க எல்லாரோடதும் இருக்குமேம்மா. என் வீட்டுக்காரி அதுல கலந்துட மாட்டாளே?"

"குரல் அவங்கவங்களோடதுதான் சார். ஒரே வாக்கியத்தைப் பல பேர் சொல்லியிருந்தா கிடங்கு ஒண்ணை மட்டும் வச்சுக்கும். உங்க வீட்டம்மா மட்டுமே சொன்னது இந்தக் கணினியிலயே தங்கிடும்."

கோதண்டத்துக்கு மனசு ஆறியது. நாள் முழுக்க இழுக்கும் வேலை என்று நினைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அது ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இங்க எவ்வளவு தங்கிச்சு?"

ஜெசிந்தா தயங்கினாள். "ஒண்ணும் தங்கலை சார். 'மாத்திரை போட்டாச்சா', 'கதவைச் சாத்துங்க', 'எப்ப வருவீங்க'... எல்லாமே கிடங்குல ஏற்கெனவே இருக்கு."

கோதண்டத்துக்கு ஆத்திரம் வந்தது. "இருக்காது. கடைசியா ஒண்ணு சொன்னா. 'அந்தத் திரையைக் கொஞ்சம் விட்டுட்டு என் முகத்தைப் பாருங்களேன்'னு. அது எனக்குன்னே சொன்னதும்மா."

ஜெசிந்தா தேடிப் பார்த்தாள். "இது எல்லா வீட்லயும் இருக்கு சார். எங்க வீட்லயும். போய்ச் சேர்ந்த எங்க வீட்டுக்காரர் என்கிட்ட சொன்னது."

"டீ நல்லாயிருக்கு சார்" என்று அவளே மறுபடி ஆரம்பித்துப் பார்த்தாள். அதற்குள் திரையில் அம்சவேணியின் முகம் ஒளிர்ந்தது.

"என்னங்க, அந்தத் திரையைக் கொஞ்சம் விட்டுட்டு என் முகத்தைப் பாருங்களேன்."

ஒரு நொடிகூடத் தாமதமில்லை. ஜெசிந்தா சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிப் போனாள். கோதண்டம் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.